"வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா?"

எனக்கு ஒன்பது வயதில் கழுத்தில் நெறி கட்டியது. தானாக வற்றிவிடும் என்றார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், கல்குவாரியில் வேலை செய்த அப்பாவுக்குக் காசநோய் என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அன்று அவரிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா?"

இருந்தோம். சன்னல் இல்லாத ஒரே அறையில் நானும் இரண்டு வயதுத் தம்பியும். எனக்கு நெறியில் வந்த நோய், அவனுக்கு மூளைக்காய்ச்சலாக வந்தது. நான் பிழைத்தேன். அவன் பிழைக்கவில்லை. நோயாளி வீட்டுக் குழந்தைக்கு முன்கூட்டியே ஐசோநியாசிட் மாத்திரை கொடுத்துக் காப்பாற்றலாம் என்பது அன்றும் தெரிந்த மருத்துவம்தான்.

பள்ளியில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். காசநோய் டம்ளரில் பரவாது. நுரையீரல் நோயுள்ளவர் இருமும் காற்றில்தான் பரவும். கழுத்து நெறியிலிருந்து யாருக்கும் ஒட்டாது. இந்த ஊரில் தனி டம்ளரைக் கிருமியா கண்டுபிடித்தது? டீக்கடையில் நம் தாத்தாக்களுக்கு வைத்த அதே டம்ளர்தான் அது.

"காசநோய்க்குச் சாதி தெரியாது" என்கிறார்கள். கிருமிக்குத் தெரியாதுதான். ஆனால் குவாரித் தூசியை யார் சுவாசிப்பது, ஒரே அறையில் எத்தனை பேர் படுப்பது, யார் வீட்டுப் பிள்ளை எடை ஏறாமல் நிற்பது என்பதையெல்லாம் சாதி தீர்மானித்து வைத்திருக்கிறதே!

"சளியில் கிருமி இல்லை" என்று பிள்ளையைத் திருப்பி அனுப்புவதும் அநீதியே. சின்னக் குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால்தான் இரைப்பை நீரிலும் மலத்திலும் சோதிக்கும் முறைகள் வந்திருக்கின்றன. அதிலும் கிருமி சிக்காமல் போகலாம். இரண்டு வாரம் தாண்டிய இருமல், காய்ச்சல், ஏறாத எடை, வீட்டில் ஒரு நோயாளி: இவற்றை வைத்தே மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். கடுமையல்லாத நோய்க்குப் பிள்ளைகளுக்கு நான்கு மாத சிகிச்சையே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லிவிட்டது.

மாத்திரையோடு முடிவதில்லை. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவுப்பொருள் கொடுத்து ஆய்வு செய்தார்கள். குடும்பத்தில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது என்று 2023இல் முடிவு வெளியானது. ஆனால் நம் அரசு நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் தந்துவிட்டு, குடும்பத்தின் உணவுக்கூடையைக் கொடையாளர்களின் தயவில் விட்டிருக்கிறது. தயவு வேண்டாம், அது எங்கள் பிள்ளைகளின் உரிமை.

நாமும் யோக்கியர்களல்ல. கல்யாணப் பேச்சு கெடும் என்று வளரிளம் பெண்ணின் இருமலை மறைக்கிறோம். மறைத்த நோய் அவளையும் தின்கிறது, அவள் மூச்சுப்படும் பிள்ளைகளையும் தேடிப் போகிறது.

தோழர்களே, உங்கள் தெருவில் ஒருவர் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள். பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பரிசோதனையும் தடுப்பு மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் வாசலில் உட்காருங்கள்.

என் தம்பி இருந்திருந்தால், இதைப் படிக்கும் உங்கள் வயதுதான் இருக்கும்.