ஒயில் வால்வை விற்கும் முன் வாகனத்தைக் கேட்போம்

கடந்த மாதம் எமது நகரில் புடவைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனது கடைக்கு வந்தார். கையடக்கத் தொலைபேசியை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டினார். அதில் ஒருவர் வேனின் அடியில் கையை மட்டும் விட்டு ஒரு சிறிய பிடியைத் திருப்புகிறார். எஞ்சின் ஒயில் குழாய்த் தண்ணீர் போல ஒரு கானுக்குள் இறங்குகிறது. ஸ்பானர் இல்லை, உடுப்பில் ஒரு பொட்டு அழுக்கும் இல்லை.

“நானா, இது உங்களிட்ட இரிக்கா? இருந்தா ரெண்டு தாங்க. காருக்கு ஒண்டு, வேனுக்கு ஒண்டு” என்றார்.

இருக்கிறது, ஆனால் முதலில் இரண்டு வாகனங்களையும் கொண்டு வாருங்கள், அடியைப் பார்க்க வேண்டும் என்றேன். நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. காசை நீட்டும்போது கேள்வி கேட்கும் கடைக்காரனை யாருக்குத்தான் பிடிக்கும்? எனினும் இந்தப் பொருளைப் பொறுத்தவரை நான் கேள்வி கேட்காமல் விற்பதில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். அது எனக்குப் பெருமை தரும் கதை அல்ல.

வீடியோவில் பார்த்தது ஏதோ புதிய கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் ஜப்பானின் புமோட்டோ வால்வு பல தசாப்தங்களாகப் பாவனையில் உள்ளது. சம்ப் நட்டைக் கழற்றிவிட்டு அதே துளையில் பித்தளையாலான இந்தச் சிறிய வால்வைத் திருகிவிட வேண்டும். உள்ளே துளையிட்ட ஒரு குண்டு இருக்கிறது. பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் துளை நேராகி ஒயில் இறங்கும், திரும்பவும் திருப்பினால் அடைபடும். பிடி தானாகத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக ஒரு வெட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வெட்டிலிருந்து பிடியை விடுவித்தால்தான் அது அசையும். ஜேர்மனியின் ஸ்டால்பஸ் வேறு வகை. அதில் பிடியே இல்லை. ஸ்பிரிங் வைத்த வால்வுக்கு மேலே ஒரு மூடி இருக்கும். மூடியைக் கழற்றி அதற்குரிய குழாயைத் திருகும்போதுதான் உள்ளே திறக்கும்.

இது எமக்குத் தேவையா? தேவைதான் என்பது எனது அபிப்பிராயம். ஆனால் எல்லா வாகனத்துக்கும் அல்ல.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல் 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை ஏறக்குறைய ஐந்து வருடங்கள் எம்மவர்கள் கையிலிருந்த வாகனத்தையே வைத்துச் சமாளித்தோம். இப்போது இறக்குமதி திறந்திருந்தாலும் புதிய வேனின் விலை சிறு வியாபாரிக்கு எட்டும் உயரத்தில் இல்லை. ஆகவே பதினைந்து, இருபது வருடம் ஓடிய எஞ்சின்தான் இன்னும் எமது சரக்கைச் சுமக்கிறது. அந்த எஞ்சினை உயிரோடு வைத்திருப்பது நேரத்துக்கு மாற்றும் ஒயில்தான். அதையோ நாம் தள்ளிப்போடுகிறோம். 5,000 கிலோமீற்றருக்கு மாற்ற வேண்டியதை 7,000க்கும் 8,000க்கும் இழுக்கிறோம். காரணம் கஞ்சத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். சேர்விஸ் ஸ்டேஷனில் வரிசையில் நின்றால் ஒரு காலைப்பொழுது போய்விடும். அந்தக் காலைப்பொழுதில் நான்கு கடைகளுக்குச் சரக்கு இறக்கலாம் என்று வியாபாரியின் மனம் கணக்குப் போடுகிறது. கணக்குப் பிழையல்ல. எஞ்சின் இறுகும் நாளைக் கணக்கில் சேர்க்காததுதான் பிழை.

இன்னொரு விடயம் சம்ப் நட்டின் புரி. ட்ரெட் என்று கராஜில் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் நட்டைக் கழற்றிப் பூட்டும்போது புது வொஷர் போட வேண்டும். எமது கராஜ்களில் அது அபூர்வம். பழைய வொஷரே திரும்பப் போகும், ஒயில் கசியும், கசிவை நிறுத்த பாஸ் நீளமான ஸ்பானரைப் போட்டு இன்னும் இறுக்குவார். அலுமினியச் சம்பாக இருந்தால் அந்த இறுக்கத்தை எத்தனை தடவைதான் தாங்கும்? ஒருநாள் நட்டோடு சேர்ந்து புரியும் சுருளாக வெளியே வரும். பிறகு பெரிய நட்டைப் போட்டுப் புதுப் புரி வெட்டுவதும் சம்ப்பையே மாற்றுவதும் என்று செலவு தொடங்கும். வால்வைப் பொறுத்தவரை ஒரு தடவைதான் திருகுகிறோம், பிறகு அந்தப் புரியை யாரும் தொடுவதில்லை. இந்தப் பொருளின் உண்மையான இலாபம் இதுதான் என்பேன். கையில் அழுக்குப் படாது என்பதெல்லாம் வீடியோவில் பார்க்க நல்லது, அவ்வளவே.

எனது சொந்த ப்ரொபொக்ஸுக்கு நானே ஒன்று மாட்டியிருக்கிறேன். 1,500 சீசீ எஞ்சின். பில்டரோடு மாற்றினால் 3.7 லீற்றர் ஒயில் கொள்ளும். ஞாயிறு காலையில் எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி, நிறுத்தி, மேலே ஒயில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வால்வைத் திறப்பேன். வால்வின் துளை நட்டின் துளையை விடச் சிறியது. எனவே ஒயில் மெதுவாகத்தான் இறங்கும். தேநீர் குடித்துவிட்டு வரலாம், அவசரப்படுபவருக்கு இது சரிவராது. துளைக்கு உள்ளே வால்வின் நுனி சற்று நீண்டிருந்தால் கொஞ்சம் பழைய ஒயில் சம்ப்பில் தங்கவும் கூடும். அதனால் எஞ்சினுக்குப் பெரிய தீங்கில்லை.

ஆனால் வீடியோவில் காட்டாத ஒன்று உண்டு, பில்டர். அதைக் கழற்ற வால்வு உதவாது. பல வாகனங்களில் அடியில் போய்த்தான் ஆக வேண்டும். இங்கே ஒரு கண்டிப்பான வார்த்தை. ஜெக்கை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் எவரும் புகக் கூடாது. ஜெக் சறுக்கினால் பேச நேரம் இருக்காது. ஸ்டாண்ட் வைத்து, சில்லுக்குக் கட்டை கொடுத்து, பிறகுதான் உள்ளே தலையை விட வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் வழமை போல சேர்விஸுக்கே விடலாம், அதில் வெட்கம் எதுவும் இல்லை.

இனி நான் சொல்வதாகச் சொன்ன கதை. சில வருடங்களுக்கு முன்னர் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சரக்கெடுக்கப் போனபோது இந்த வால்வைப் போன்ற ஒன்று பெயரில்லாத பெட்டியில் மலிவாகக் கிடைத்தது. ஒரு டசின் வாங்கினேன். பார்வைக்கு அதே பித்தளை நிறம், அதே பிடி. பிடியைப் பிடித்து நிறுத்தும் அந்த வெட்டு மட்டும் பெயருக்குத்தான் இருந்தது. விரலால் தட்டினாலே பிடி திரும்பியது. நான் அதைக் கவனித்தேனா? கவனித்தேன். ஆனாலும் விலை நல்ல விலை, இலாபமும் நல்ல இலாபம் என்று கண்ணாடி அலுமாரியில் முன்னாலேயே வைத்தேன்.

பிஸ்கட் விநியோகம் செய்யும் ஒரு தம்பி அதில் ஒன்றை வாங்கி வேனுக்கு மாட்டினார். சம்ப்பின் அடியில் நேராகக் கீழ்நோக்கித் துளை உள்ள வேன் அது. வால்வு மாட்டினால் ஓர் அங்குலத்துக்கும் மேலே கீழே தொங்கும். வேன் எது, எந்தப் பாதையில் ஓடுகிறது என்று நான் கேட்கவே இல்லை. அவர் ஓடியதோ அரநாயக்கப் பக்கத்து மலைப் பாதைகளில். ஒரு திருப்பத்தில் கல்லொன்று அடியில் உரசியிருக்கிறது. பிடி திரும்பிவிட்டது. ஒயில் பாதை நெடுகக் கொட்டியிருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்ததை அவர் பார்த்தார். அடுத்த கடை வரை போய்விடலாம் என்று நினைத்தார்.

“நானா, ஒயில் எல்லாம் போயிட்டு. எஞ்சின் இறுகிட்டு. ஸ்டார்ட் எடுக்கவே இல்ல” என்று தொலைபேசியில் அவர் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வேனுக்கு லீசிங் கட்டி முடிய இன்னும் பதினொரு மாதம் இருந்தது.

அவர் விளக்கைக் கண்டதும் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நான் வாதாடியிருக்கலாம். அது உண்மையும்கூட. அந்த விளக்கு ஒயில் குறைகிறது என்று முன்கூட்டிச் சொல்வதல்ல. ஒயில் அழுத்தம் ஏற்கனவே போய்விட்டது என்று சொல்வது. எரிந்த கணமே எஞ்சினை நிறுத்த வேண்டும், அடுத்த கடை வரையும் இல்லை, அடுத்த திருப்பம் வரையும் இல்லை. ஆனால் பிடி தளர்வாக இருந்ததைக் கண்ட பின்னும் விற்றவன் நான். வாங்குபவருக்குத் தெரியாத குறை விற்பவனுக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நாம் எல்லோரும் பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுக்கிறோம். மாற்று எஞ்சின் போட்ட செலவில் பாதியை நான் கொடுத்தேன். மீதியிருந்த ஒன்பது வால்வுகளையும் பழைய பித்தளை வாங்குபவரிடம் நிறுத்துப் போட்டேன். ஏனைய இரண்டை வாங்கியவர்களைத் தேடிப் பிடித்துக் கழற்றினேன். ஒருவரைக் கண்டுபிடிக்க மூன்று கிழமை சென்றது. அந்த மூன்று கிழமையும் கடைத் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு திடுக்கிட்டது.

இதைக் கேள்விப்பட்ட எமது பகுதி பாஸ்மார் சிலர் இந்த வால்வே வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினர். மறுபுறம், பொறி ஒன்றும் நடக்காது, ஜப்பான்காரன் செய்தது என்று எல்லாவற்றையும் விற்கிற கடைகளும் உள்ளன. இரு சாராரோடும் எனக்கு உடன்பாடில்லை. நான் இப்போது முதலில் பார்ப்பது துளை எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதை. பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ இருந்து, வால்வு சம்ப்பின் அடிமட்டத்துக்கும் முன் அச்சுச் சட்டத்துக்கும் மேலேயே நிற்குமானால் கல் அதைத் தொடுவது கடினம். நேராகக் கீழே நோக்கினால், அதுவும் வாகனம் பதிந்ததாக இருந்தால், எவ்வளவு கேட்டாலும் கொடுப்பதில்லை. அடியில் பாதுகாப்புத் தகடு இருந்தால் வால்வுக்கு இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அளவு மாறிப்போவதும் அடிக்கடி நடக்கிறது. டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 12 மில்லிமீற்றர், 1.25 பிட்ச். ஹொண்டாவுக்கு 14 மில்லிமீற்றர், 1.5 பிட்ச். 12 மில்லிமீற்றரிலேயே வேறு பிட்ச்களும் உண்டு. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பிழையானதை ஸ்பானரால் வற்புறுத்தித் திருகினால், எந்தப் புரியைக் காப்பாற்ற வால்வு வாங்கினோமோ அதையே நாமே அழித்துவிடுகிறோம். கழற்றிய நட்டைக் கடைக்குக் கொண்டு வரச் சொல்வதே பாதுகாப்பானது. 2025க்குப் பின் வந்த புதிய வாகனமாக இருந்து உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், ஏஜென்டிடம் கேட்காமல் கைவைக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புகிறேன்.

இவ்வளவு நிபந்தனை எதுவும் தேவைப்படாத ஓர் இடம் உண்டு. அது கடைக்குப் பின்னால் நிற்கும் ஜெனரேட்டர். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தபோது, ஐஸ் பெட்டியையும் அரைக்கும் ஆலையையும் அதுதான் காப்பாற்றியது. அதற்கு ஒயில் மாற்றுவது ஓடிய மணித்தியாலக் கணக்கில். தொடர்ந்து ஓடினால் சில கிழமைகளுக்குள்ளேயே முறை வந்துவிடும். பலர் அதை மறந்ததால் ஜெனரேட்டரையே இழந்தனர். அது நின்ற இடத்தில் நிற்பது, அதன் அடியில் கல் உரசப் போவதில்லை. அளவு பொருந்தினால் குழாய் முனை உள்ள வால்வை மாட்டி, குழாயைக் கானுக்குள் விட்டால் கடைப் பையனே மாற்றிவிடுவான். எமது வியாபாரச் சகோதரர்கள் வாகனத்துக்கு யோசிக்கும் முன் இதற்கு யோசிக்கலாம்.

வீட்டில் ஒயில் மாற்றுவோரிடம் நான் கேட்கும் கடைசிக் கேள்வி, பழைய ஒயிலை என்ன செய்வீர்கள் என்பது. பலரிடம் பதில் இல்லை. சிலர் கானில் ஊற்றுவோம் என்கின்றனர். தெருக் கானைத்தான் சொல்கிறார்கள், மூடி போட்ட கானை அல்ல. எமது நகரான மாவனல்லையில் தெருக் கான் போய்ச் சேர்வது மாஓயாவுக்கு. அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் கீழே உள்ள ஊர்கள் எடுக்கின்றன. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டப்படி நீர்நிலையை மாசுபடுத்துவது குற்றம். சட்டம் இருக்கட்டும், ஆற்றில் மிதக்கும் அந்த நிறக் கோலத்தை நாமே கண்ணால் கண்டிருக்கிறோம். புது ஒயில் வந்த அதே கானில் பழையதை ஊற்றி, இறுக மூடி, பழைய ஒயில் சேர்க்கும் சேர்விஸ் ஸ்டேஷன் ஒன்றில் கொடுத்தால் முடிந்தது.

புடவைக் கடை நண்பர் மறுநாள் இரண்டு வாகனங்களையும் கொண்டு வந்தார். வேனின் துளை பின்பக்கம் நோக்கியிருந்தது, உயரமும் போதுமானது. வால்வு மாட்டினோம். கார் பதிந்த கார், துளை நேரே கீழே. அதற்குப் புது நட்டும் இரண்டு வொஷரும் மட்டும் கொடுத்தேன்.

“ரெண்டு கேட்டேன், ஒண்டுதானே தந்தீங்க” என்றார் சிரித்தபடி.

“மற்றதுக்கு இத வெச்சிக்கோங்க” என்று மூடியுள்ள ஐந்து லீற்றர் வெறுங்கான் ஒன்றைக் கையில் கொடுத்தேன். அதற்குக் காசு எடுக்கவில்லை.