பாரம் இழுத்தால் போதாது, நிற்கவும் வேண்டும்

பார வண்டி ஓட்டிய விவசாயிக்கு ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் பயம் அதிகம். ஏற்றத்தில் மாடு நின்றுவிட்டால் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லைப் போட்டுச் சமாளிக்கலாம். இறக்கத்தில் வண்டியே மாட்டின் மேல் ஏறிவிடும். இன்று பல ஊர்களில் மாட்டின் இடத்தில் டிராக்டர் நிற்கிறது. பாரமும் பல மடங்கு கூடிவிட்டது. ஆனால் பின்னால் வரும் டிரெய்லரை நிறுத்துவது எது என்று கேட்பவர் குறைவு.

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார். டயரைத் தட்டிப் பார்க்கிறார். டிரெய்லர் வாங்குகிறவர் எத்தனை மூட்டை ஏறும் என்று கேட்கிறார். பலகையை உயர்த்திக் கட்டவும் சொல்கிறார். பிரேக் உண்டா என்று மட்டும் கேட்பதில்லை. உள்ளூர்ப் பட்டறைகளில் பிரேக்கே இல்லாத டிரெய்லர்கள் உருவாவதற்கு இதுவே முக்கிய காரணம்.

கணக்கு எளியது. 2 டன் எடையுள்ள டிராக்டர் தனியாகச் செல்லும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் 5 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். அதில் ஒன்றரை டன் டிரெய்லரை மாட்டி, 75 கிலோ நெல் மூட்டைகள் 60 ஏற்றினால் மொத்த எடை 8 டன் ஆகிறது. பிரேக்கின் பலம் அதேதான். நிறுத்த வேண்டிய எடை நான்கு மடங்கு. எனவே நிற்கும் தூரமும் ஏறத்தாழ 20 மீட்டராகும். வேகம் மணிக்கு 20 கிலோ மீட்டரிலிருந்து 30 ஆனால் அந்தத் தூரம் இரண்டே கால் மடங்காகும். "மெதுவாகத்தானே போகிறோம்" என்ற சமாதானம் கால்வாய்க்கரை இறக்கத்தில் உதவாது. அங்கே டிராக்டரின் பின்சக்கரம் வழுக்கினால், பின்னால் வரும் பாரம் டிராக்டரைப் பக்கவாட்டில் தள்ளி மடக்கிவிடும்.

இதற்கு வழி உண்டு. முதலாவது, தள்ளு விசையால் இயங்கும் பிரேக். டிராக்டர் வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளுதலில் ஏர்க்கால் சற்று உள்ளே நகர்ந்து, ஒரு லீவரையும் கேபிளையும் இழுத்துச் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கும். பின்னோக்கிச் செல்லும்போது பிரேக் பிடிக்காமலிருக்கப் பூட்டு ஒன்று இருக்க வேண்டும். இரண்டாவது, டிராக்டர் பிரேக்குடன் இணைந்த ஹைட்ராலிக் பிரேக். இதற்கு உரிய வால்வைப் பொருத்த வேண்டும். லிப்ட் எண்ணெய்க் குழாயை அறுத்து ஒட்டுப்போடும் வேலை ஆபத்தானது.

அமெரிக்காவில் பண்ணையாளர்கள் பிக்கப் வண்டியில் டிரெய்லர் இழுக்கிறார்கள். அங்கே பல மாநிலங்களில் மொத்த எடை 3,000 பவுண்டை, அதாவது சுமார் 1,360 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். பழைய பிக்கப் வாங்குகிறவர் ஓட்டுநர் முன்னால் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்திக் கொள்கிறார். பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாக ஒரு வயர், எர்த் வயர், பிரேக் விளக்கு ஸ்விட்சிலிருந்து ஒன்று, டிரெய்லர் பிரேக்குக்கு ஒன்று என நான்கே இணைப்புகள். பாரத்துக்கு ஏற்பப் பிடிப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். நம் டிரெய்லருக்கு அந்தக் கருவி ஏற்றதா என்பது வேறு கேள்வி. பாரம் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற கொள்கை எங்கும் ஒன்றுதான்.

வயரிங்கிலும் அதே கவனம் தேவை. பழைய டிராக்டர்களில் பின் சாக்கெட் உடைந்து, வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். எர்த்துக்கு இணைப்பு ஊசியையே நம்புவது வழக்கம். துருவும் கிரீசும் சேர்ந்தால் விளக்கு மினுங்கும், பிறகு அணையும். எர்த்துக்குத் தனி வயரே போட வேண்டும். ஏழு முனை சாக்கெட்டின் சர்வதேச வழக்கப்படி வெள்ளை எர்த். மஞ்சள் இடது சிக்னல். பச்சை வலது சிக்னல். சிவப்பு பிரேக் விளக்கு. பழுப்பும் கறுப்பும் பின்விளக்குகள். பழைய வண்டியில் நிறத்தை மட்டும் நம்பாமல், 12 வோல்ட் சோதனை பல்பை வைத்து ஒவ்வொரு முனையையும் பார்த்த பின்னரே இணைக்க வேண்டும்.

செலவில்லாத காரியங்களும் உண்டு. ரோட்டில் ஏறுமுன் இடது, வலது பிரேக் பெடல்களைக் கொண்டி போட்டு இணைக்க வேண்டும். இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போடவே கூடாது. இணைப்பு ஊசிக்குப் பாதுகாப்புக் கிளிப்பும், கூடவே ஒரு சங்கிலியும் வேண்டும். பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்ட வேண்டும்.

பிரேக்குக்குச் செலவாகும் என்பது உண்மை. ஆனால் அந்தச் செலவை விவசாயியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமன்று. டிரெய்லருக்குக் கடன் தரும் வங்கி, பிரேக்கையும் சேர்த்தே கடன் மதிப்பிட வேண்டும். கரும்பு ஆலைகள் அரவை தொடங்குமுன் தம்மிடம் வரும் டிரெய்லர்களுக்குப் பிரேக்கும் விளக்கும் பரிசோதிக்க வேண்டும். பட்டறைக்காரர் பிரேக் இல்லாமல் டிரெய்லர் செய்து கொடுக்க மறுக்க வேண்டும்.

எத்தனை மூட்டை ஏறும் என்று கேட்கும் விவசாயி, அத்தனை மூட்டையோடு எத்தனை அடியில் நிற்கும் என்றும் கேட்கத் தொடங்க வேண்டும். அந்த ஒரு கேள்வி வந்தால் மற்றவை தாமே வரும். மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வருகிறவர்கள் பெரும்பாலும் அவர் வீட்டாரும் அவர் ஊர்க் கூலியாட்களும்தானே!