5எஸ் போர்டும் ஜப்பான் நோட்டீசும்

ஓசூர் சிப்காட்டில் கொஞ்சம் பெரிய கம்பெனி எதற்குள் போனாலும் சுவரில் அந்த போர்டு இருக்கும். செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. டீக்கடையில்கூட கைசென் பேசுகிற ஊர். இங்கே இருக்கிற டிவிஎஸ் மோட்டார் 2002ல் ஜப்பானின் டெமிங் விருதையே வாங்கியது. அப்படிப்பட்ட ஊரில் ஜப்பானில் போய்ப் படிப்பதைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சுவர் நோட்டீஸ்தான்: "படித்துக்கொண்டே சம்பாதியுங்கள்!" கடுப்பில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

நோட்டீசில் யுனிவர்சிட்டி படம் போட்டிருப்பார்கள். அனுப்புவது மொழிப் பள்ளிக்கு. இரண்டுக்கும் ஒரே மாணவர் விசா என்பதால் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. மொழி படித்து முடித்து, யுனிவர்சிட்டி நுழைவுத் தேர்வில் தேறினால்தான் டிகிரி.

சம்பாதிப்பது? கணக்குப் போடலாம். தனி அனுமதி வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம் (நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8 மணி). மணிக்கு 1,100 யென் என்று வைத்தால் மாசம் 1,30,000 யென் சொச்சம். பள்ளி ஃபீஸே வருஷத்துக்கு ஏழெட்டு லட்சம் யென், அதாவது மாசம் அறுபதாயிரம் அங்கேயே காலி. மீதியில் வாடகை, சாப்பாடு, ரயில்... அப்புறம் ஏஜெண்டுக்காக இங்கே வாங்கிய கடனுக்கு வட்டி! மொழி தெரியாதவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ராத்திரி ஷிஃப்டில் டப்பாவில் சோறு அடைக்கிற வேலை. காலையில் கிளாசில் தூக்கம். இதற்கு சிப்காட்டிலேயே நைட் ஷிஃப்ட் போகலாமே, அம்மா சமையலாவது மிஞ்சும் :-)

நோட்டீசில் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் ஸ்காலர்ஷிப். தூதரகம் வழியாக நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஃபீஸ் கிடையாது, விமான டிக்கெட் அவர்கள் செலவு, டிகிரி மாணவருக்கு மாசம் 1,17,000 யென். முதல் வருஷம் மொழியும் அவர்களே சொல்லித் தருகிறார்கள். இதிலேயே கோசென் என்ற தொழில்நுட்பக் கல்லூரிக்கும் தனிப் பிரிவு உண்டு. பிளஸ் டூ முடித்தவன் நேராக அங்கே மூன்றாம் ஆண்டில் சேருவான். மெஷினோடு வளர்ந்த நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு எது?

எடுப்பது சிலரைத்தான், ஒப்புக்கொள்கிறேன். கிடைக்காவிட்டாலும் பெரும்பாலான அரசு யுனிவர்சிட்டிகளில் வருஷ ஃபீஸ் 5,35,800 யென், சேரும்போது ஒருமுறை 2,82,000 யென். வருஷத்துக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய். அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டி மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கொட்டுகிற பணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தங்கும் செலவு தனி, அது நிஜமாகவே இடிக்கும். அதனால்தான் மொழியை இங்கேயே படித்துவிட்டுப் போ என்கிறேன். ஜேஎல்பிடி தேர்வு பெங்களூரிலேயே நடக்கிறது, நாற்பது கிலோமீட்டர்.

இதையெல்லாம் கூடப் படிக்கிற ஒருத்தனிடம் போன வாரம் சொன்னேன். அட்வான்ஸ் கட்டிவிட்டானாம். ரசீதை வாங்கிப் பார்த்தேன். அதில் பள்ளியின் பெயரே இல்லை.