மூன்றாவது கையெழுத்து உழவருடையதாக இருக்கட்டும்

பெறுநர்
மாண்புமிகு வேளாண்மை – உழவர் நலத்துறை அமைச்சர் அவர்கள்,
இணைவேந்தர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

உழவர் நலத்துறையின் அமைச்சராகவும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தராகவும் இருக்கிறீர்கள். வயலையும் ஆய்வுக்கூடத்தையும் ஒருசேரப் பார்க்கும் பொறுப்பு உங்களிடம் இருப்பதால் இந்தக் கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். குறைந்த கார்பன் வேளாண்மைக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடும் ஆய்வு நிறுவனங்களோடும் போடப்படும் ஒப்பந்தங்களில் சாகுபடி செய்பவரும் ஒரு தரப்பாக வேண்டும். அவருக்கு வரும் தண்ணீர், அவருக்கு ஆகும் கூலி, அவருக்குச் சேர வேண்டிய பணம், அவர் வயலில் எடுக்கப்படும் கணக்கு ஆகிய நான்கும் அதில் எழுத்தாக இடம்பெற வேண்டும்.

காவிரி டெல்டாவின் நெல்லை வைத்தே சொல்கிறேன். வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது மண்ணுக்குள் காற்று புகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மக்கிய தழையிலிருந்தும் தாளிலிருந்தும் மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலே போகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். உலகில் மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நெல்வயல்களிலிருந்து வருகிறது.

இதற்கான வழி நம் உழவர்கள் அறியாதது அன்று. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவதுதான் அது. ஓட்டைகள் போட்ட ஒரு அடி நீளக் குழாயை வயலில் பாதி புதைத்து வைப்பார்கள். அதற்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு, மறுபடி 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயக் கூடாது. பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் கணக்குமுறைப்படி, பருவத்தில் பலமுறை காயவிட்ட வயலில் மீத்தேன் சுமார் 45 விழுக்காடு குறையும். நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடலாம் என்பதால் யூரியாவையும் அளந்து, பிரித்து இட வேண்டியிருக்கும்.

பல்கலைக்கழகங்களின் கூட்டு முயற்சிக்கு இங்கே நல்ல வரலாறு உண்டு. மடகாஸ்கரில் 1980-களில் ஹென்றி தெ லொலானியே என்ற பாதிரியார் உழவர்களோடு சேர்ந்து ஒரு நடவு முறையை உருவாக்கினார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் அதை உலகறியச் செய்தது. கோவை விஞ்ஞானிகள் அதை நம் மண்ணுக்குச் சோதித்து, 2003-04-இல் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் உழவர் வயல்களிலேயே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதுவே திருந்திய நெல் சாகுபடி. பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒற்றை நாற்று, ஏக்கருக்கு மூன்று கிலோ விதை என்று அது நிலைபெற்றது. பிறகு நார்வேயின் பயோஃபோர்ஸ்க் நிறுவனத்தோடு சேர்ந்து, மாறும் காலநிலையில் நெல் சாகுபடியைக் காப்பது பற்றிய க்ளைமாரைஸ் ஆய்வும் காவிரிப் படுகையில் நடந்தது. அறிவுக்கு நமக்குப் பஞ்சமில்லை.

அப்படியிருந்தும், திட்டம் நடக்கும்போது செழிக்கும் முறை, திட்டம் முடிந்ததும் செய்முறைத் திடலோடு நின்றுபோவது ஏன்? உழவரின் அறியாமையைக் காரணம் காட்டுவது எளிது. அது நியாயமில்லை. 1960-களில் ஆடுதுறை 27 ரகம் தஞ்சை மாவட்டத்தில் வேகமாகப் பரவியது. அப்போது அங்கே நடந்த வேளாண் தொகுப்புத் திட்டத்தின் கீழ் விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒருசேர ஊருக்கு வந்தன. கைக்கு எட்டும்படி வந்தால் டெல்டா உழவர் புதியதை ஏற்கத் தயங்குவதில்லை என்பதற்கு அதுவே சான்று.

இன்றைய தடைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதல் தடை தண்ணீர். ஆற்றுப் பாசனத்தில் மடையைத் திறக்கும் நாளை உழவர் தீர்மானிப்பதில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாத கடைமடைக்காரரிடம் ‘வயலைக் காயவிடுங்கள்’ என்றால், அவர் எந்த நம்பிக்கையில் காயவிடுவார்? வந்த தண்ணீரைத் தேக்கி வைப்பதே அவருக்குக் காப்பு. ஆழ்குழாய்க் கிணறு உள்ளவருக்குத் தண்ணீர் கையில் இருக்கிறது. ஆனால் இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓடுவதால், தண்ணீரை மிச்சப்படுத்துவதால் அவர் பையில் சேர்வது ஒன்றுமில்லை. சம்பா, தாளடியில் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டும்போது வயலை வடியவைப்பதே பெரும்பாடு. எனவே இந்த முறைக்கு முதலில் ஏற்ற பருவம் குறுவை. திட்டம் தீட்டுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பணம். உமிழ்வைக் குறைத்த அளவை விற்கும் கார்பன் வரவுச் சந்தை உழவருக்குப் பெரிய வருமானம் தரும் என்று சிலர் ஊர் ஊராகச் சொல்கிறார்கள். தெற்காசிய நெல்வயலுக்குப் பன்னாட்டுக் குழு தரும் பொது அளவை வைத்துக் கணக்கிட்டால், ஒரு ஹெக்டேரில் ஒரு போகத்துக்கு மிச்சமாகும் மீத்தேன், சுமார் ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஏக்கருக்கு அரை டன்கூட வராது. டன் ஆயிரம் ரூபாய்க்கு விலைபோனதாக வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு நானூற்றுச் சில்லறைதான். இடையில் இருக்கும் நிறுவனமும் சரிபார்ப்பவரும் எடுத்ததுபோக மிஞ்சுவது ஓர் ஆளின் ஒருநாள் கூலிக்குக்கூடப் பற்றாது. அந்தத் தொகையும் யாருக்குப் போகும்? டெல்டாவில் கோயில் நிலம், மட நிலம், நகரத்தில் குடியேறியவர்களின் நிலம் என்று குத்தகையில் நடக்கும் சாகுபடி ஏராளம். குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969-லேயே சட்டம் வந்தும், வாய்வார்த்தையிலேயே உழுபவர்கள் பலர். சிட்டாவில் பெயர் உள்ளவருக்கே பணம் என்றால், சேற்றில் நின்று குழாயைப் பார்த்துத் தண்ணீர் கட்டியவர் வெறுங்கையோடு நிற்பார்.

மூன்றாவது, பெண்களின் உழைப்பு. வயல் காய்ந்தால் களை முளைக்கும். களையெடுப்பதும் நடவு நடுவதும் பெரும்பாலும் பெண்களே. கோனோவீடர் என்ற களைக்கருவியைச் சேற்றில் தள்ளுவது அவர்களுக்குக் கடும் வேலை. அதை ஆண்களிடம் கொடுத்துவிட்டால் பெண்களின் கூலிநாள் குறைகிறது. உமிழ்வைக் குறைக்கும் திட்டம் இந்தப் பெண்களின் வீட்டு வருமானத்தைக் குறைத்துவிடுமானால், அதை நிலைத்த ஊரக வளர்ச்சி என்று சொல்ல முடியாது.

நான்காவது, கணக்கு. சீனாவின் நெல்வயல் கார்பன் திட்டங்களில் 37-ஐ, சான்று வழங்கும் வெர்ரா அமைப்பு 2024-இல் நிராகரித்தது. நம்பத்தகுந்த அளவீடு இல்லாத திட்டம் சந்தையிலும் நிற்காது, சூழலுக்கும் உதவாது. இங்குதான் பல்கலைக்கழகம் இன்றியமையாதது. வயலில் மூடிய பெட்டி வைத்து வாயுவைப் பிடித்து ஆய்வுக்கூடத்தில் அளக்கும் திறமை விற்பனைப் பிரதிநிதிக்குக் கிடையாது. யாருக்கும் சார்பில்லாத கணக்கராகப் பல்கலைக்கழகம் இருந்தால், உழவரும் நம்புவார், உலகமும் ஏற்கும்.

முன்மாதிரி ஒன்றும் நமக்கு உண்டு. வியட்நாம், மீகாங் டெல்டாவில் 2030-க்குள் 10 லட்சம் ஹெக்டேரில் குறைந்த உமிழ்வு நெல் சாகுபடி என்ற திட்டத்துக்கு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதற்குத் துணைநிற்கிறது. வியட்நாமில் விதையளவு, தண்ணீர், வைக்கோல், கூட்டுறவு எல்லாவற்றையும் ஒரே திட்டமாகப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை நமக்கும் வேண்டும்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பவை இவை. தனி உழவரைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, ஒரு வாய்க்காலின் ஆயக்கட்டு முழுவதையும் ஓர் அலகாக எடுங்கள். தண்ணீர் முறை எந்த நாளில் வரும் என்பதை நீர்வளத்துறை முன்கூட்டியே எழுதித் தரட்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவோருக்குக் குறுவைத் தொகுப்புத் திட்டத்திலேயே ஊக்கத்தொகை வையுங்கள். கார்பன் சந்தையை நம்பி அவர்களை நிறுத்தாதீர்கள். பணம், கிராம நிர்வாக அலுவலர் சாகுபடியாளர் என்று சான்றளிப்பவரின் கணக்குக்கே போகட்டும். சோதனை வயலில் மகசூல் குறைந்தால் ஈடுகட்டும் பொறுப்பு திட்டத்துடையதாக இருக்கட்டும். எடை குறைந்த களைக்கருவி வடிவமைப்பில் களையெடுக்கும் பெண்களைக் கேட்டு முடிவெடுங்கள். அதை இயக்கும் பயிற்சியும் கூலியும் அவர்களுக்கே கிடைக்கட்டும். ஆடுதுறை, தஞ்சை ஆய்வு நிலையங்களும் நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையமும் அளக்கும் கணக்கை, அறுவடை முடிந்ததும் கிராமசபையில் தமிழில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். இறுதியாண்டில் கிராமங்களில் தங்கிப் பயிலும் வேளாண் மாணவர்களுக்குக் குழாய் அளவைப் பதிவுசெய்யும் பொறுப்பைக் கொடுங்கள். படிப்புக்கும் அது நல்லது, ஊருக்கும் நல்லது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டமோ புதிய நிறுவனமோ தேவையில்லை. அடுத்த புரிந்துணர்வு ஒப்பந்தம் தங்கள் பார்வைக்கு வரும்போது, இரண்டு நிறுவனங்களின் கையெழுத்துக்குக் கீழே உழவர் உற்பத்தியாளர் குழுவோ பாசன சங்கமோ கையெழுத்திட இடம் விடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்பாக ஒரே ஒரு வாய்க்காலிலாவது இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவையுங்கள். ஒத்துழைக்க டெல்டா உழவர்கள் அணியமாக இருக்கிறார்கள்.

நம்பிக்கையுடன்,
காவிரி டெல்டாவின் உழவர் குடும்பத்திலிருந்து ஒருவர்