உருப்போடுவது கல்வியாகுமா?

நம் இல்லங்களில் அன்றாடம் ஒரு காட்சியைக் காண்கிறோம். நோட்டின் இடப்பக்கம் கடினமான ஆங்கிலச் சொல். வலப்பக்கம் அதன் பொருள். நாளொன்றுக்கு ஐம்பது என்று பிள்ளை உருப்போடுகிறது. பெற்றோராகிய நாமும் பூரித்துப் போகிறோம். இதுதான் ஆங்கிலக் கல்வியா? அன்று என்பதே நம் துணிபு.

'பேமஸ்', 'நொட்டோரியஸ்' என்னும் இரண்டுக்கும் எதிரே 'பெயர்பெற்ற' என்றே அந்த நோட்டில் எழுதியிருக்கும். முன்னது நற்பெயர், பின்னது கெட்ட பெயர். ஊர்ப் பெரியவரைப் பாராட்டும் மடலில் பிள்ளை பின்னதை எழுதிவிட்டால் பாராட்டு வசையாகிவிடாதா?

தேர்வுக்கு இதுவே வழி என்பார் உளர். அந்த வாதமும் வலுவிழந்துவிட்டது. அமெரிக்காவில் மேற்படிப்புக்குரிய ஜி.ஆர்.இ. தேர்வு, எதிர்ச்சொல் வினாக்களை 2011-இல் நீக்கிவிட்டது. கல்லூரியிற் சேர்வதற்குரிய எஸ்.ஏ.டி. தேர்வோ, 2016 முதல், சொல்லை ஒரு பத்திக்குள் வைத்தே சோதிக்கின்றது.

அப்படியாயின் அரிய சொற்களே வேண்டாம் என்கிறோமா? இல்லை. வேரைப் பிடியுங்கள் என்கிறோம். இக்கலை நமக்குப் புதிதன்று. கிதாபு, காதிபு, மக்தபு ஆகிய மூன்றும் காஃப், தா, பா என்னும் மூன்றெழுத்து வேரில் கிளைத்தவை என்பதை மதரஸாவில் அரபு இலக்கணம் பயின்ற பிள்ளை அறியும். அவ்வேரின் பொருள் எழுதுதல். லத்தீனில் அதே பொருளுடைய வேர் 'ஸ்கிரிப்'. கையால் எழுதியது மானுஸ்கிரிப்ட். கல்லில் பொறித்தது இன்ஸ்கிரிப்ஷன். மருத்துவர் எழுதித் தருவது பிரிஸ்கிரிப்ஷன். அடியில் ஒப்பமிட்டுப் பணம் தர இசைவது சப்ஸ்கிரிப்ஷன், அதாவது நாம் கட்டும் சந்தா. பண்டைய ரோமில், உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு இழந்தோரின் பெயர்களை எழுதிப் பொதுவிடத்தில் வைத்தனர். தடைசெய்தல் எனப் பொருள்படும் 'புரோஸ்கிரைப்' அவ்வழக்கத்தில் பிறந்ததே. ஒரு வேர் தெரிந்தால் ஐந்து சொற்கள் தாமே வந்து நிற்கின்றன, மறப்பதும் அரிது.

ஆகவே பெற்றோரே, நோட்டை மூடி நூலைத் திறக்கச் செய்வோம். மகனுக்கு மட்டுமன்று, மகளுக்கும் ஓர் ஆங்கில நாளிதழும் நல்ல அகராதியும் வாங்கிக் கொடுப்போம். புதுச்சொல்லை அது வந்த வரியோடு குறித்துக்கொள்ளட்டும். மறுநாள் தம் சொந்த வாக்கியத்தில் அமைத்துக் காட்டட்டும். ஐம்பது சொற்களை ஒப்பிக்கும் பிள்ளையைவிட, ஐந்து சொற்களைப் பிழையின்றி ஆளும் பிள்ளையே நம் சமுதாயத்துக்குத் தேவை.