படிப்பு விடுப்புச் சீட்டா?

"வேதம் படிக்கிறவனைக் கோயிலில் சேர்ந்து ஓதும் கோஷ்டிக்குக் கூப்பிடாதே, அந்தக் காலத்துப் படிப்பாளிகள் பொதுக் காரியத்தில் தலைகாட்டியதே இல்லை" என்ற பேச்சு எங்கள் பக்கம் அடிக்கடி காதில் விழும். உத்திரமேரூரில் நின்றுகொண்டு இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்கும் குடவோலையில் பெயர் எழுதக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவனுக்கு அரைக்கால் வேலி போதும். சலுகை எதற்கு? ஏரி வாரியத்திலும் தோட்ட வாரியத்திலும் வந்து உட்காரத்தான். ஓலை எடுக்கும் நாளில், ஊரில் இருந்த நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எல்லோரும் காணக் குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் வாங்குவான். பூசை இருக்கிறது என்று நழுவ வழியில்லை. (அது பிராமண ஆண்களின் சபை மட்டுமே, அதை ஜனநாயகம் என்று மேடையில் முழங்குவது வேறு கதை.)

பாடசாலை வேறு, கோஷ்டி வேறு என்பது அடுத்த வாதம். முதலாம் ராஜேந்திரன் காலத்து எண்ணாயிரம் ஊர்க் கல்வெட்டு, பாடசாலையில் 340 மாணவருக்கும் 14 ஆசிரியருக்கும் ஏற்பாடு செய்த கையோடு, கோயிலில் திருவாய்மொழி ஓதுவோருக்கும் நெல் ஒதுக்குகிறது.

சந்தை சொல்லும்போது, அதாவது குரு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிப் பாடம் ஏற்றும்போது, நடுவில் எழுந்தால் பாடம் கெடும் என்பதில் நியாயம் உண்டு. சந்தை நேரத்தை மாற்றிக்கொண்டால் போயிற்று. மனப்பாடம் உள்ளவனே வராவிட்டால், ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க யார் தொடர்வது?

எதுவும் எடுபடாவிட்டால் யூதர்களை இழுப்பார்கள்: "தோரா படிப்பவன் ஜெபத்துக்கே எழ வேண்டாமாம்." பாதி உண்மை. யூதர்களின் சட்ட விவாத நூலான தல்மூதில் அந்த விலக்கு ரபி ஷிமோன் பார் யோஹாய் போல, படிப்பே தொழிலானவர்களுக்கு. அவர்களும் ஷெமா என்னும் விசுவாச அறிக்கையை ஓதப் பாடத்தை நிறுத்தியாக வேண்டும். நம்மைப் போன்றவர்கள் இரண்டுக்கும் நிறுத்த வேண்டும் என்று ரபி யோஹனான் அங்கேயே சொல்லிவிட்டார். சபையில் தோரா வாசிக்கும்போது ராவ் ஷேஷெத் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் பாடத்தைப் படித்தார் என்பதும் மெய்தான். பின்வந்த உரைகாரர்கள் நிபந்தனை மேல் நிபந்தனை போட்டு அந்த வாசலைக் குறுக்கினார்கள். 1565-ல் வெனிஸில் அச்சேறிய ஷுல்ஹான் அரூக் என்னும் யூதச் சட்ட நூல், சபையில் சொல்லும் கத்தீஷ் என்ற துதியைக் கேட்க ஓடிப் போ என்கிறது. நிலையான படிப்பு மண்டபம் ஜெப ஆலயத்தைவிடப் புனிதமானது என்றும், ஜெபத்தை அங்கேயே செய்வது மேல் என்றும் அதே நூல் ஒப்புக்கொள்கிறது. பத்துப் பேர் கூடியிருந்தால்.