சோதிக்காதவற்றின் பட்டியல்

மூளை ஏற்பிகளுக்கான சேர்மங்களை உருவாக்கும் நம்மில் எவருடைய கட்டுரையிலும் ஓர் அட்டவணை இருக்கும்: எந்தச் சேர்மம், எந்த ஏற்பியில், எத்தனை நானோமோலாரில் பிணைகிறது என்று. கட்டமைப்பை எப்படி மாற்றினால் செயல் எப்படி மாறுகிறது என்பதை நாம் அதில் பார்க்கிறோம். அதையே சரக்குப் பட்டியலாகப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். இதைச் சொந்தப் பட்டறிவிலிருந்து எழுதியவர், அப்போது அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இருந்த மருந்து வேதியியலர் டேவிட் நிக்கோல்ஸ். 2011 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையைத் துறைக்குள் வரும் ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும்.

செரட்டோனின் ஏற்பிகளைப் பற்றிய இன்றைய அறிவில் அவருடைய ஆய்வகத்துக்குப் பெரிய பங்குண்டு. 1992-இல் அவருடைய குழு 4-மெத்தில்தயோஆம்பெட்டமின் என்ற சேர்மத்தைப் பற்றி எழுதியது. எம்.டி.எம்.ஏ. (எக்ஸ்டசி) என்ற போதைப்பொருளை அடையாளம் காணப் பயிற்றப்பட்ட எலிகள் இதையும் அதுவென்றே கொண்டன. நரம்பு முனைகளிலிருந்து செரட்டோனினை வலுவாக வெளியேற்றியும், அந்த முனைகளை இது சிதைக்கவில்லை. ‘நரம்பு நச்சற்றது’ என்ற சொல் கட்டுரையின் தலைப்பிலேயே இடம்பெற்றது. எலி மூளையைப் பொறுத்தவரை அது சரியான முடிவுதான்.

மனிதர்களிடம் அந்தச் சேர்மம் சோதிக்கப்படவே இல்லை. ஆனால் யாரோ அதைத் தயாரித்து, மாத்திரையாக்கி, தெருவில் விற்றார்கள். 2002-க்குள் ஆறு மரணங்கள் அதனோடு தொடர்புபடுத்தப்பட்டன. செரட்டோனினைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்ஸிடேஸ்-ஏ நொதியையும் அது தடுக்கிறது என்று வேறொரு குழு 1997-இல் காட்டியிருந்தது. மதகைத் திறந்துவிட்டு வடிகாலை அடைத்தாற்போல. போதை மெதுவாக ஏறுவதால், வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொன்றை விழுங்கியவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பானது. ‘நரம்பு நச்சற்றது’ என்று நாம் எழுதியதைத் தெரு ‘நச்சற்றது’ என்று படித்துக்கொண்டது.

‘மூளை ஏற்பி’ என்ற நம் பேச்சு வழக்கும் ஏமாற்றக்கூடியது. செரட்டோனின் 2ஏ ஏற்பி இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் இருக்கிறது. நிக்கோல்ஸின் அதே ஆய்வகத்தில் ஏற்பியின் பிணைப்பிடத்தை ஆராய உருவாக்கப்பட்ட, தட்டான்பூச்சியின் இறகுபோல இருபுறமும் ஃபியூரான் வளையங்கள் கொண்ட புரோமோ-டிராகன்ஃபிளையை உட்கொண்டவர்களில் சிலருக்குக் குழாய்கள் கடுமையாகச் சுருங்கின. விரல்களை வெட்டியெடுக்கும் நிலையும் வந்தது. 2பி ஏற்பியோ இதய வால்வுகளில் இருக்கிறது. பசியைக் குறைக்கக் கொடுத்த ஃபென்ஃபுளூரமின் 1997-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது வால்வுக் கோளாறால்தான்.

அப்படியானால் வெளியிடாமல் இருந்துவிடலாமா? கூடாது. விற்பவன் படிக்கும் அதே கட்டுரையைத்தான் தடயவியல் ஆய்வகமும் படிக்கிறது. மயங்கிய நிலையில் கொண்டுவரப்படும் இளைஞனின் இரத்தத்தில் இருப்பது என்னவென்று தெரிந்தபின், அவசரப் பிரிவு மருத்துவர் தேடிப்போவதும் அதைத்தான். நாம் மௌனமானால் முதலில் கைவிடப்படுபவர் அவர்தான்.

தவறு வெளியிடுவதில் இல்லை. எங்கே நிறுத்தினோம் என்று சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. இருபது சேர்மங்களின் பிணைப்பு எண்களை இரண்டு தசம இடம் வரை கொடுக்கும் நாம், எவற்றைச் சோதிக்கவில்லை என்பதை ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை. சோதிக்காத இடம் வெற்றிடமாக இருந்தால், படிப்பவர் அதைத் தம் விருப்பப்படி நிரப்பிக்கொள்வார்.

எனவே, நரம்பு மண்டலத்தில் செயல்படும் புதிய சேர்மங்களைப் பற்றி இவ்விதழுக்கு வரும் கட்டுரைகளில் இனி இரண்டை எதிர்பார்க்கிறோம். முதலாவது, முதன்மைச் சேர்மத்துக்கேனும் 2பி ஏற்பி, மோனோஅமைன் ஆக்ஸிடேஸ், இதயத்தின் ஹெர்க் பொட்டாசியம் வாய்க்கால் ஆகியவற்றின் மீதான விளைவு. சோதிக்க வசதியில்லை என்றால் அதையே எழுதலாம். இரண்டாவது, ‘நச்சற்றது’, ‘பாதுகாப்பானது’ என்று எழுதும்போது எந்த உயிரியில், எந்த அளவில், எத்தனை நாள் என்பது அதே வாக்கியத்தில் வர வேண்டும், சுருக்கத்திலும் தலைப்பிலும்கூட.

இதனால் தெருவில் விற்பவன் திருந்திவிடுவான் என்று நாம் நம்பவில்லை. ஆனால் நள்ளிரவில் நம் கட்டுரையைத் திறக்கும் மருத்துவருக்கு, எது தெரியும் என்பதோடு எது தெரியாது என்பதும் அங்கேயே கிடைக்கும்.